சிகப்பு ரோஜாக்கள்: படம் பாஸ், பாடம் ஃபெயில் (த்ரெட்)

1/
ஞாயித்துக்கிழமை நெல்லித்தோப்பு மார்க்கெட்ல மீன் வாங்கிட்டு டீ குடிக்க நின்னேன். பக்கத்துல ரெண்டு பசங்க. ஒருத்தனை அவன் காதலிச்ச பொண்ணு வேணாம்னு சொல்லிட்டா போல. இன்னொருத்தன் ஆறுதலுக்கு "குத்துங்க எசமான்"னு அந்தப் பழைய வசனத்தை எடுத்துவிட்டான். ரெண்டு பேரும் சிரிச்சாங்க. எனக்கும் சிரிப்பு வந்துச்சு. வீட்டுக்கு வந்தப்புறம்தான் உறுத்துச்சு.

2/
அந்த வசனம் 'சிகப்பு ரோஜாக்கள்' படத்துல வருது. 1978, பாரதிராஜா. ஒரு பொண்ணைக் கொல்லச் சொல்லி ஒரு சின்னப் பையன் தூண்டிவிடுற காட்சி அது. 40 வருஷத்துக்கு மேல ஆச்சு, நாம அதை காமெடியா சொல்லிட்டுத் திரியறோம். (கதை முழுக்க வரும். பார்க்காதவங்க பார்த்துட்டு வாங்க.)

3/
நான் சினிமா விமர்சகர் இல்ல. மனநல நிபுணரும் இல்ல. எம்பிபிஎஸ் முடிச்சுட்டு அரசு ஆஸ்பத்திரியில ஓபி பார்க்கிற ஆள். அதனால முதல்ல நல்லதைச் சொல்லிடறேன், இல்லைன்னா கமெண்ட்ல அடிக்க வருவீங்க.

4/
படம் நல்ல படம். 'பதினாறு வயதினிலே', 'கிழக்கே போகும் ரயில்' எடுத்த ஆளுக்கு கிராமம்தான் வரும்னு பேசின வாயை அடைச்ச படம். பெரிய செட் கிடையாது. ஒரு பங்களா, ஒரு ரோஜாத் தோட்டம், ஒரு கருப்புப் பூனை. மிச்சத்தை பி.எஸ்.நிவாஸ் கேமராவும் இளையராஜாவும் பார்த்துக்கிட்டாங்க. ஹிட்ச்காக் 'சைக்கோ'வை (1960) டிவி ஆட்களை வெச்சு சுமார் 8 லட்சம் டாலர்ல முடிச்சார். பயம் காட்டக் காசு முக்கியமில்ல, எதை மறைக்கணும்னு தெரியணும்.

5/
இன்னொரு பலம், கமலோட திலீப். அழகன், பணக்காரன், பண்பாப் பேசறவன். கன்னத்துல மருவும் சிவந்த கண்ணுமா வர்ற வில்லன் இல்ல. இதுதான் நிஜம். பாலியல் வன்கொடுமை வழக்குகள்ல பத்துக்கு ஒன்பதுக்கு மேல செஞ்சவன் தெரிஞ்ச ஆள்தான்னு தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வருஷா வருஷம் சொல்லுது.

6/
மூணாவது பலம், யாரும் பேசாதது. திலீப் சின்ன வயசுல அனாதை. அடைக்கலம் தந்த வீட்டுப் பொண்ணு அவன்கிட்ட அத்துமீறுது. மாட்டினதும் பழியை அவன் மேல போட்டுடுது. அவனைத் துரத்திடறாங்க. ஆம்பளைப் பையனும் பாதிக்கப்படலாம்னு 1978-லயே காட்டியிருக்காங்க! மத்திய அரசு 2007-ல வெளியிட்ட ஆய்வுல, ஏதோ ஒரு வகை பாலியல் தொல்லைக்கு ஆளானதா சொன்ன குழந்தைகள்ல 52.94% ஆண் பிள்ளைங்க. பாதிக்கு மேல!

7/
இப்ப பலவீனம். இவ்வளவு பெரிய உண்மையைக் கையில வெச்சுக்கிட்டு படம் என்ன பண்ணுது? "ஒருத்தி பண்ணினா, அதனால இவன் எல்லாரையும் கொல்றான்"னு கணக்கை முடிச்சுடுது. அவன்கிட்ட சிக்குற பொண்ணுங்க யாரு? ஆசையை வெளிய காட்டினவங்க. பிழைக்கிறது யாரு? கல்யாணத்துக்கு முன்னாடி தொடவிடாத சாரதா. கொலைகாரன் மனசுல இருக்கற தீர்ப்பும் திரைக்கதையோட தீர்ப்பும் ஒண்ணாயிடுச்சு. என் புகாரே இதுதான்.

8/
போதாததுக்கு, தோட்டத்துல புதைச்ச பொண்ணுங்களுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது. கடைசியில ஜெயில்ல புத்தி பேதலிச்சு சாரதா பேரைச் சொல்லிட்டு இருக்கானே, அவனுக்காக நாம அழறோம். ரெண்டு வருஷம் கழிச்சு வந்த 'மூடுபனி'யிலயும் இதே ஃபார்முலா. சின்ன வயசுக் காயம், அதனால பொண்ணுங்களைக் கொல்றான். அதுக்கப்புறம் வந்த எத்தனை 'ஏ' த்ரில்லர் இதையே ஜெராக்ஸ் எடுத்துச்சுன்னு நீங்களே எண்ணிக்கோங்க.

9/
மருத்துவமா பார்த்தா ரெண்டு தப்பு. ஒண்ணு, சின்ன வயசுல பாதிக்கப்பட்டவங்கள்ல பெரும்பாலானவங்க யாரையும் துன்புறுத்தறதில்ல. தூக்கம் வராம, குடியில விழுந்து, வெளிய சொல்ல முடியாம தன்னைத்தானே வதைச்சுக்கறவங்கதான் ஜாஸ்தி. "சொன்னா என்னையும் அப்படிப் பார்ப்பாங்க"ன்னு ஒரு பையன் வாயை மூடிக்கிட்டா, அதுல இந்தப் படங்களுக்கும் பங்கு இருக்கு.

10/
ரெண்டு, மனச்சிதைவு வேற, திட்டம் போட்டு ஏமாத்திக் கொல்ற கொடூரம் வேற. முதலாவது நோய், மருந்து இருக்கு. தீவிர மனநோய் உள்ளவங்க அடிக்கறதை விட அடி வாங்கறதுதான் அதிகம். சினிமா ரெண்டையும் ஒரே சாக்குல போட்டுக் கட்டி மேல "சைக்கோ"ன்னு எழுதிடுச்சு.

11/
இது எனக்கு ஏன் வலிக்குதுன்னா, போன மாசம் ஒரு அம்மா பையனைக் கூட்டிட்டு வந்தாங்க. 22 வயசு. காதுல குரல் கேக்குதுன்னு ரெண்டு வருஷமா சொல்லிட்டு இருக்கான். ஏம்மா இவ்வளவு லேட்டுன்னு கோவமா கேட்டேன். "தெருவுல சைக்கோன்னு பேர் வெச்சிடுவாங்க டாக்டர், தங்கச்சிக்கு எப்படி மாப்பிள்ளை வரும்"னாங்க. எங்கிட்ட பதில் இல்ல. மனநலப் பிரிவுக்குச் சீட்டு எழுதி நானே கூட்டிட்டுப் போனேன்.

12/
"படத்தைப் படமா பாருங்க டாக்டர், அது அந்தக் காலம்"னு வருவீங்க. சரி. அந்தக் காலத்துல 1912-ஆம் வருஷத்து பைத்தியக்காரர் சட்டம்தான் இருந்துச்சு. 1987-ல அதை மாத்தினாங்க, 2017-ல திரும்பவும் மாத்தினாங்க. சட்டம் ரெண்டு தடவை மாறிடுச்சு, நம்ம வாய் மாறலையே.

13/
படத்தைத் தடை பண்ணுன்னு சொல்லல. தாராளமா பாருங்க, பின்னணி இசைக்காகவே பார்க்கலாம். ஆனா அடுத்த தடவை அந்த வசனம் நாக்குல வரும்போது, அங்க குத்து வாங்கறது ஒரு பொண்ணுன்னு ஞாபகம் வெச்சுக்கோங்க. பக்கத்து வீட்டுப் பையனை "சைக்கோ"ன்னு கூப்பிடறதுக்கு முன்னாடி 14416 நம்பரை அவங்க வீட்டுல கொடுங்க. டெலி மானஸ், இலவசம், 24 மணி நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம்.

14/
டீக்கடையில அந்தப் பசங்ககிட்ட இதையெல்லாம் சொல்லியிருக்கணும். சொல்லல, நானும் சிரிச்சுட்டு வந்துட்டேன். அதான் இங்க எழுதறேன்.