‘ஒரு மாத்திரைதானே!’ என்று சொல்லாதீர்கள்

தைராய்டு சுரப்பியை முழுவதுமாக எடுத்தவர்களுக்கு நாம் சொல்லும் ஆறுதல் ஒன்று உண்டு: ‘இனி தினமும் ஒரு மாத்திரை, அவ்வளவுதானே!’ மூன்று வருடமாக நானும் கேட்கிறேன். எடிசனில் கோயிலில் பார்ப்பவர்களும் சொல்கிறார்கள், ஊரிலிருந்து போனில் அத்தையும் சொல்கிறார்.

அந்த ஒரு மாத்திரை லேசுப்பட்டதல்ல. வெறும் வயிற்றில் போட வேண்டும். அடுத்த அரை மணி முதல் ஒரு மணி நேரம் நம்ம ஃபில்டர் காபி கிடையாது. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். அளவை மாற்றினால், அது சரிதானா என்பது ரத்தப் பரிசோதனையில் தெரிய 6 முதல் 8 வாரம் ஆகும். அதுவரை சோர்வோ படபடப்போ, அதோடுதான் ஆபீஸ் மீட்டிங்கில் உட்கார வேண்டும்.

தைராய்டை ஒட்டி அரிசி அளவில் பாராதைராய்டு சுரப்பிகள், பெரும்பாலும் நான்கு, இருக்கின்றன. அறுவை சிகிச்சையில் அவை அடிபட்டால் ரத்தத்தில் கால்சியம் இறங்கிவிடும். உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் மரமரப்பு வரும், பிறகு தசை இழுக்கும். எனக்கு முதல் தடவை வந்தபோது, ‘டென்ஷன்தான், தூங்கினா சரியாயிடும்’ என்றார்கள் வீட்டில். நானும் நம்பிப் படுத்துவிட்டேன். விடிவதற்குள் எமர்ஜென்சிக்கு ஓட வேண்டியதாயிற்று. பலருக்கு இது சில வாரங்களில் சரியாகிவிடும். சிலருக்கு ஆயுசுக்கும் தொடரும்.

முடி கொட்டுகிறதே என்று பயோட்டின் வாங்கிப் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அது தைராய்டு பரிசோதனை முடிவையே தவறாகக் காட்டக்கூடும். ரத்தப் பரிசோதனைகளில் பயோட்டின் செய்யும் குளறுபடி பற்றி 2017-லேயே எஃப்.டி.ஏ. எச்சரித்திருக்கிறது. டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

சுவிட்சர்லாந்தின் தியோடர் கோக்கர் தைராய்டு அறுவை சிகிச்சையில் கெட்டிக்காரர். 1909-ல் நோபல் பரிசு பெற்றவர். முழுச் சுரப்பியையும் எடுத்த தன் பழைய நோயாளிகளை அவர் திரும்ப அழைத்துப் பார்த்தார். பெரும்பாலானோர் முகம் வீங்கி, மந்தமாகிப் போயிருந்தார்கள். 1883-ல் அதை அவரே வெளிப்படையாக எழுதினார். கத்தி வேலை கச்சிதமாக முடிந்தும் நோயாளி குணமாகவில்லை. கூப்பிட்டுப் பார்த்ததால்தான் அது தெரிந்தது.

இங்கே நம்மை யார் கூப்பிடப் போகிறார்கள்? வேலை மாறினால் இன்சூரன்ஸ் மாறும், இன்சூரன்ஸ் மாறினால் டாக்டரும் மாறலாம். அதனால் ஆபரேஷன் ரிப்போர்ட், பரிசோதனை முடிவுகள், மருந்தளவு எல்லாம் உங்கள் கையில் ஒரு ஃபைலில் இருக்கட்டும். வாய் மரத்தாலோ கை இழுத்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

கூட இருப்பவர்களே, ‘ஒரு மாத்திரைதானே’ என்பதை விடுங்கள். ‘கடைசியா கால்சியம் எப்போ பார்த்தே?’ என்று கேளுங்கள். அந்தக் கேள்வி அன்று இரவு என் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.