மோதிரம் வந்துதான் தாயாக வேண்டுமோ?

ஆண்டின் கடைசி மாதங்கள் நெருங்கும்போது மேனாட்டுப் புத்தகச் சந்தையில் ஒரு வகைக் கதைகள் வந்து குவிகின்றன. கிறிஸ்துமஸ் விடுமுறையைக் களமாகக் கொண்ட காதற்கதைகள் அவை. கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் அவை கடைகளில் கிடைக்கின்றன. கைப்பேசியிலோ இன்னும் எளிதாகக் கிடைக்கின்றன. பட்டணத்தில் பிறந்து அலுவலகம் செல்லும் பெண்ணும் படிக்கின்றாள். தோட்டத்து லயத்தில் பிறந்து கல்லூரி ஏறிய பெண்ணும் படிக்கின்றாள். படிப்பதை நாம் குறைகூற வரவில்லை. படிப்பவர் நெஞ்சில் அக்கதைகள் விதைத்துச் செல்லும் ஒரு பொய்யைப் பற்றியே பேச வந்தோம்.

அக்கதைகளுள் ஒரு பிரிவு உண்டு. மணமாகாத பெண்ணொருத்தி, பெற்றோரை இழந்த உடன்பிறப்புகளைத் தன் பிள்ளைகளாக ஏற்க முன்வருகின்றாள். அண்ணன் ஒருவன், தங்கை ஒருத்தி. சில கதைகளில் மூன்றாவதாக ஒரு கைக்குழந்தை. அவர்களைப் பிரித்து வெவ்வேறு வீடுகளுக்கு அனுப்பிவிடுவார்களோ என்னும் அச்சம் கதை நெடுகத் தொங்குகின்றது. ஊரெங்கும் பனி பொழிகின்றது. அப்போது ஓர் ஆடவன் வருகின்றான். மருத்துவனோ, தச்சனோ, மனைவியை இழந்தவனோ, யாராயினும் தோள் அகன்றவன். அவன் கூரையைச் சரிசெய்கின்றான், விறகு பிளக்கின்றான், சிறுவனுக்குப் பந்தெறியக் கற்பிக்கின்றான். பண்டிகைக்கு முந்திய இரவில் மோதிரத்தை நீட்டுகின்றான். உடனே இடுக்கண் அனைத்தும் நீங்குகின்றன. அதிகாரி புன்னகைக்கின்றார், பிள்ளைகள் கைகொட்டுகின்றனர், கதையும் முடிகின்றது.

நாம் கேட்பது ஒன்றே. அப்பிள்ளைகளைக் காப்பாற்றியது யார்? முதல் இருநூறு பக்கங்களில் காய்ச்சலுக்குக் கண்விழித்தவள் யார்? இரவில் அலறி எழுந்த சிறுமியை மடியில் கிடத்தியவள் யார்? ஈட்டிய பொருளை எண்ணி எண்ணி, இரண்டு படுக்கை வாங்கியவள் யார்? அவ்வளவும் செய்தவளைக் கதை தாயென்று ஒப்புவதில்லை. “தாயாகப் போகின்றவள்” என்று வாயிற்படியிலேயே நிறுத்தி வைக்கின்றது. ஒருவன் வந்து விரலில் பொன் வளையத்தை மாட்டிய பின்னரே உள்ளே வர இசைவு தருகின்றது. இஃது என்ன நீதி?

“கதைதானே, இதற்கு இத்தனை கோபமா?” என்பார் உண்டு. அவர்கள் சட்டப் புத்தகத்தைச் சற்றே புரட்டிப் பார்க்கட்டும். இங்கிலாந்து 1926-இல் இயற்றிய குழந்தைகள் சுவீகாரச் சட்டம், தனியொருவர் சுவீகாரம் கோரலாம் என்று அன்றே ஒப்புக்கொண்டது. தனித்த ஆடவன் பெண்குழந்தையைக் கேட்டால்தான் சிறப்பான காரணம் காட்டவேண்டும் என்றது. தனித்த பெண்ணுக்கு அத்தடையும் இல்லை. அந்த அச்சிலேயே வார்க்கப்பட்டது மலாயாவின் 1952-ஆம் ஆண்டுச் சுவீகாரச் சட்டம். முஸ்லிம் அல்லாதாருக்குரிய அச்சட்டத்தின்படி விண்ணப்பிப்பவருக்கு 25 வயது நிரம்பியிருக்க வேண்டும். குழந்தையைவிட 21 வயதாவது மூத்தவராக இருக்க வேண்டும். உறவினருக்கு இவ்விதி தளர்வதும் உண்டு. “உன் கணவன் எங்கே?” என்ற கேள்வியைச் சட்டம் கேட்கவில்லை. சட்டம் கேளாத கேள்வியை, நூறாண்டு கழிந்த பின்னும் கதாசிரியர் கேட்டுக்கொண்டிருக்கின்றார்!

ஆயினும் சட்டம் இடங்கொடுத்த உடனே சமூகம் மனங்கொடுத்துவிடவில்லை என்பதையும் நாம் மறைக்கமாட்டோம். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் 1965-இல்தான் அரசாங்கச் சுவீகார அலுவலகம் மணமாகாதோரை வெளிப்படையாக அழைக்கத் தொடங்கியது. காரணம் என்ன? கறுப்பினக் குழந்தைகளை ஏற்க மணமான தம்பதிகள் போதுமான அளவில் வரவில்லை. தனித்த பெண்ணை அழைத்தது அவளுடைய தகுதியைக் கண்டன்று. வேறு வழி இல்லாமையால். கடைசிப் புகலிடமாக அழைக்கப்பட்டவள் முதல்தரத் தாயாக விளங்கியதை நாடு கண்டது. ஆனால் அந்தக் “கடைசிப் புகலிடம்” என்னும் நினைப்பு அலுவலகங்களை விட்டு மெல்ல நீங்கிய பின்னும் கதைகளை விட்டு நீங்கவில்லை.

இனி, எதிர்வாதம் செய்வாரின் இரண்டு சொற்களுக்கு விடை கூறுவோம்.

முதலாவது, “காதற்கதை என்றால் இன்பமாக முடியவேண்டும், அது அத்துறையின் விதி” என்பது. உண்மையே. மில்ஸ் அண்ட் பூன் 1908-இல் லண்டனில் தொடங்கப்பெற்றது. ஹார்லிக்வின் 1949-இல் கனடாவின் வின்னிபெக் நகரில் பிறந்து, 1971-இல் முன்னதைத் தன்னுள் வாங்கிக்கொண்டது. இன்ப முடிவு என்னும் வாக்குறுதியை நம்பியே கோடிக்கணக்கான பெண்கள் அவற்றின் நூல்களை வாங்கினர். உழைத்துக் களைத்த பெண் இரவில் ஓர் இன்பக் கதையைப் படித்து உறங்குவதை ஏளனம் செய்வோர் கூட்டத்தில் நாம் இல்லை. அவள் காதலிக்கட்டும், மணக்கட்டும், அதில் நமக்கு வழக்கில்லை. காதலைச் சுவீகாரத்திற்கு நிபந்தனையாக்குவதில்தான் வழக்கு. பிள்ளைகள் அவளுடையவர்கள் என்று முதலில் உறுதியாகட்டும். அதன்பின் அவள் விரும்பினால் ஒருவனைத் தேர்ந்துகொள்ளட்டும். வரிசையை மாற்றுவதால் இன்பம் ஒரு சிறிதும் குறையாது.

இரண்டாவது, “பிள்ளைக்குத் தகப்பன் வேண்டாவா?” என்பது. நல்ல தகப்பன் கிடைப்பது நற்பேறே, யார் மறுத்தார்? ஆனால் அக்கதைகளில் வருகின்றவன் தகப்பனாகவா வருகின்றான்? அவன் அவளைக் காணவே வருகின்றான். பிள்ளைகளோ தூதுவராகின்றனர். “எங்கள் வீட்டிற்கு விருந்துக்கு வாருங்கள்” என்று சிறுமி அவனை அழைக்கவேண்டும். இருவரும் தனித்திருக்கச் சிறுவன் உறங்குவதுபோல் நடிக்கவேண்டும். தாயை மண்ணில் புதைத்துவிட்டு வந்த பிள்ளைகளுக்கு இதுவா வேலை? பெற்றோரை இழந்த குடும்பங்களில் நாம் காண்பது வேறு. மூத்தது தன் பசியை மறைத்து இளையதற்கு ஊட்டும். யாரையும் நம்பாது. இரவில் எழுந்து, தங்கை பக்கத்தில் இருக்கின்றாளா என்று தடவிப் பார்க்கும். அப்பிள்ளையின் நெஞ்சிறுக்கம் தளர மாதங்கள் ஆகும், ஆண்டுகளும் ஆகும். அதைப் பன்னிரண்டு நாள் விடுமுறைக்குள் ஒரு முத்தத்தால் தீர்த்துவைக்கும் எழுத்தாளர், அப்பிள்ளைகளின் துயரத்தை அலங்காரத் தோரணமாக்குகின்றார்.

வேறு வகையாக எழுத முடியாதா என்போர்க்கு ஒரு சான்று காட்டுவோம். கனடா நாட்டு ஆசிரியை லூசி மாட் மாண்ட்கோமரி 1909-இல் வெளியிட்ட “ஆன் ஆஃப் அவான்லி” என்னும் நாவலில் மரில்லா என்றொரு பாத்திரம். வயது முதிர்ந்தவள், மணமாகாதவள், கண்பார்வையும் குன்றியவள். தூரத்து உறவினன் ஒருவனுடைய மனைவி இறந்துபோக, டேவி, டோரா என்னும் ஆறு வயது இரட்டையரை அவள் வீட்டிற்கு அழைத்து வருகின்றாள். முதலில் சிறிது காலத்திற்கென்று வந்தவர்கள் அங்கேயே தங்கிவிடுகின்றனர். அவளுக்குத் துணையாக இருப்பவர்கள், அவள் முன்னமே வளர்த்த ஆன் என்னும் பெண்ணும், பின்னர்க் கணவனை இழந்து அவ்வீட்டிற்கு வந்துசேரும் அயல்வீட்டு அம்மையுமே. மரில்லாவுக்கு மணமகனைத் தேடி ஆசிரியை ஓடவில்லை. அதனால் அந்நூல் சுவை குன்றிப்போயிற்றா? நூறாண்டு கடந்தும் உலகம் அதைப் படிக்கின்றது.

மேனாட்டாரை இத்தனை கடிந்துவிட்டு நம் வீட்டு வாசலை விட்டுவிடுவது நேர்மையாகாது. பழைய இந்து முறையில் சுவீகாரம் என்பது ஆண்மகனுக்குக் கொள்ளிவைக்கப் புத்திரனைத் தேடும் சடங்கு. விதவையும் இறந்த கணவனின் பெயராலேயே பிள்ளை எடுக்கலாம்; கன்னிப்பெண்ணுக்கு அங்கே இடமே இல்லை. இந்தியாவில் 1956-இல் வந்த இந்து தத்தெடுப்புச் சட்டம் மணமாகாத பெண்ணுக்கு அவ்வுரிமையை வழங்கியது, நல்லது. ஆயின் அதே சட்டம், மகன் ஒருவன் இருக்க இன்னொரு மகனையும், மகள் ஒருத்தி இருக்க இன்னொரு மகளையும் தத்தெடுக்கலாகாது என்றது. அண்ணன் தம்பி இருவரோ, அக்காள் தங்கை இருவரோ அச்சட்டத்தின்கீழ் ஒரே தாயின் பிள்ளைகளாக முடியாது! சிறார் நீதிச் சட்டம் என்னும் வேறொரு கதவு 2000-இல் திறந்த பின்னரே அதற்கு வழி பிறந்தது. கொள்ளிக்கு ஒருவன் போதும் என்ற பழைய கணக்கு, சட்டத்தின் மொழியில் எத்தனை காலம் ஒளிந்து வாழ்ந்தது, பாருங்கள்!

நம் தோட்டப்புறத்தின் வரலாறோ இந்தச் சாஸ்திரங்களைவிட உயர்ந்தது. 1942-43-இல் ஜப்பானியர் அமைத்த சயாம் மரண ரயில் பாதைக்குப் பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்டனர், பலர் திரும்பவில்லை. எஞ்சிய பிள்ளைகளை வளர்த்தவர் யார்? சின்னம்மாக்கள், அத்தைகள், கணவனை இழந்த பாட்டிமார், அடுத்த வீட்டுப் பால்வெட்டுக்காரிகள். அவர்கள் கையில் எந்த நீதிமன்றத்தின் ஆணையும் இல்லை. சீனப் பெற்றோர் கைவிட்ட பெண்குழந்தைகளைத் தம் மகள் என்று ஏற்றுத் தமிழ் பேசவைத்த குடும்பங்களும் நம்முடையவையே. சிங்கப்பூரில் 1926-இல் பிறந்து, மணவாழ்க்கையை நாடாமல், பூச்சோங் சாலையிலுள்ள சுத்த சமாஜத்தில் ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்து, 2023-இல் மறைந்த அன்னை மங்களத்தை நாடே “அன்னை” என்று அழைத்தது. அவ்வழைப்புக்கு யாருடைய மோதிரமும் தேவைப்படவில்லை.

ஊருக்கு அன்னையாக இருந்தால் வணங்குகின்றோம். அதே செயலை அடுத்த வீட்டுப் பெண் இரண்டு பிள்ளைகளுக்காகச் செய்தால் என்ன சொல்கின்றோம்? “இவளுக்கு ஏன் இந்த வேண்டாத சுமை?” “இனி இவளை யார் கட்டுவான்?” “யாருடைய பிள்ளைகளோ!” கலியாண வீட்டில் ஆலத்தி எடுக்க அவளை அழைப்பதில்லை. பள்ளிக்கூடத்தில் தகப்பன் பெயர் எழுதும் இடத்தில் அவள் கோடு இழுத்தால் ஏற இறங்கப் பார்க்கின்றோம். இறந்த அக்காளின் பிள்ளைகள் இருவரையும் நானே வைத்துக்கொள்கின்றேன் என்று ஒரு தங்கை சொன்னால், “பையனை மாமன் வீட்டிற்கு அனுப்பு, பெண்ணை மட்டும் நீ வைத்துக்கொள், உனக்கும் ஒரு வாழ்வு வேண்டாமா?” என்று பெரியவர்கள் பங்கு பிரிக்கின்றனர். பிரிக்கப்படுவது பாத்திரம் பண்டமன்று, உடன்பிறந்த இரண்டு உயிர்கள் என்பதை அந்த நேரத்தில் எவரும் எண்ணுவதில்லை. பனி பொழியும் ஊரின் கதை நம் பெண்களுக்குப் பிடிப்பதில் வியப்பென்ன? நம் பெரியவர்கள் சொல்வதையே அதுவும் இனிப்புத் தடவிச் சொல்கின்றது.

ஆகவே நம் எழுத்தாளர்களை வேண்டுகின்றோம்: தீபாவளி மலருக்கோ பொங்கல் மலருக்கோ இப்படியொரு கதை எழுதுவீராயின், அவளை முதற்பக்கத்திலேயே தாயாக்குங்கள். வாசகரை வேண்டுகின்றோம்: அத்தகைய கதையின் இறுதியில் மாப்பிள்ளையைக் காணோமே என்று தேடாதீர்கள். குடும்பத்துப் பெரியவர்களை வேண்டுகின்றோம்: உங்கள் வீட்டில் ஒரு பெண் இரண்டு பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றால், அவள் பின்னால் யார் வருகின்றான் என்று எட்டிப் பார்க்காதீர்கள். மூன்று பேருக்கும் இலை போடுங்கள்.