ரீகனும் ட்ரூரியும்



அட்டையில் ஃபோர்டு காரில் சாய்ந்து நிற்பவர் ஜான் தா. 'தி ஸ்வீனி' என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடரில் இன்ஸ்பெக்டர் ஜாக் ரீகனாக நடித்தவர். எழுபதுகளின் லண்டன் போலீஸ் தொடருக்கு இத்தனை பக்கமா என்று எங்கள் அலுவலகத்திலேயே கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் தகவல் தேடத் தேட, தொடரைவிட அது எடுக்கப்பட்ட காலம் எங்களை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

கொள்ளையரைப் பிடிக்க லண்டன் மாநகரப் போலீஸ் 1919இல் அமைத்த பிரிவு ஃப்ளையிங் ஸ்குவாட். அதற்கு லண்டன் தெருக்களில் வழங்கிய பட்டப்பெயர் ஸ்வீனி. இயன் கென்னடி மார்ட்டின் உருவாக்கிய இந்தத் தொடர் 1975 ஜனவரி 2 அன்று தொடங்கி, 1978 டிசம்பர் வரை 53 பகுதிகள் வந்தது. முதல் பகுதி ஒளிபரப்பான மறுநாள்தான் ஜான் தாவுக்கு 33 வயது நிறைந்தது. திரையில் பார்க்கிறவர்கள் நாற்பத்தைந்துக்குக் குறைத்துச் சொல்லமாட்டார்கள்!

அதற்கு முன் பிரிட்டிஷ் வீடுகளில் பிரியமான போலீஸ்காரர், 1955 முதல் பிபிசியில் வந்த ஜார்ஜ் டிக்சன். நேயர்களுக்கு வணக்கம் சொல்லி, முடிவில் நாலு நல்ல வார்த்தையும் சொல்லிவிட்டுப் போகும் பெரியவர். ரீகனோ குடிப்பார், கத்துவார், வாரண்ட் இல்லாமல் கதவை உதைப்பார், மேலதிகாரி ஹாஸ்கின்ஸை மதிக்கவே மாட்டார்.

தயாரித்தது யூஸ்டன் ஃபிலிம்ஸ். ஸ்டுடியோவில் செட் போடும் வழக்கத்தைக் குறைத்து, 16 மில்லிமீட்டர் கேமராவைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போனார்கள். ஒரு பகுதிக்குப் பத்து நாள் படப்பிடிப்பு. அலுவலகக் காட்சிகளுக்கு ஹாமர்ஸ்மித்தில் ஒரு பழைய பள்ளிக் கட்டடம். செலவைக் குறைக்கச் செய்த ஏற்பாடு, இன்று பொக்கிஷமாகிவிட்டது. துரத்தல் காட்சிகளை நிறுத்தி நிறுத்திப் பின்னணியைப் பார்த்தால், புல் முளைத்த காலிமனைகளும், புகை படிந்த செங்கல் சுவர்களும், ஆற்றங்கரைக் கிடங்குகளும் வரிசையாக வருகின்றன. அந்த ஆற்றங்கரைத் துறைமுகப் பகுதியில் வெஸ்ட் இண்டியா டாக்ஸ் 1980இல் மூடப்பட்டது. அங்கேதான் இப்போது கேனரி வார்ஃப் கோபுரங்கள் நிற்கின்றன.

பகுதிக்குப் பகுதி, முகத்தை மூடிய ஆட்கள் குழல் அறுத்த துப்பாக்கியோடு சம்பளப் பணம் போகும் வேனை மறிக்கிறார்களே, எழுத்தாளர்களுக்கு வேறு கதை கிடைக்கவில்லையா என்று எனக்கும் சலிப்பு வந்தது. விடை தொழிலாளர் சட்டத்தில் இருந்தது. உடலுழைப்புத் தொழிலாளருக்குக் கூலியை ரொக்கமாகத்தான் தரவேண்டும் என்பது 1831ஆம் ஆண்டுச் சட்டம். 1960இல் கொஞ்சம் தளர்த்தினார்கள். முழுதாக நீக்கியது 1986இல்தான். ஆகவே எழுபதுகளில் வாரந்தோறும் தொழிற்சாலைகளை நோக்கி நோட்டுக்கட்டுகள் ஊர்வலம் போயின. கொள்ளையருக்குச் சம்பளக் கிழமை மனப்பாடம்.

இனி கென்னத் ட்ரூரிக்கு வருவோம். இவர் கதாபாத்திரம் இல்லை. நிஜ ஃப்ளையிங் ஸ்குவாடின் தலைவராக இருந்தவர். சோஹோவில் ஆபாசப் புத்தக வியாபாரம் நடத்திய ஜேம்ஸ் ஹம்ஃப்ரீஸோடு இவர் சைப்ரஸுக்கு உல்லாசப் பயணம் போனதை 1972இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதழ் அம்பலப்படுத்தியது. தப்பியோடிய ரயில் கொள்ளையன் ரோனி பிக்ஸைத் தேடிப் போனதாக ட்ரூரி விளக்கம் சொன்னார். (சொல்லும்போது சிரிக்காமல் இருந்திருக்க வேண்டும்.) அதே ஆண்டு போலீஸ் கமிஷனரான ராபர்ட் மார்க், போலீஸாரையே விசாரிக்க ஏ10 என்ற தனிப் பிரிவை அமைத்தார். 1977 ஜூலையில் ட்ரூரிக்கு லஞ்ச வழக்கில் எட்டாண்டு சிறை விதிக்கப்பட்டது. தொடரின் மூன்றாம் பருவம் முடிந்து நான்காவது வருவதற்கு இடைப்பட்ட நேரம் அது.

ரீகன் எந்த விதியை மீறினாலும் காசை மட்டும் தொடமாட்டார். கடைசிப் பகுதியில் அவர்மீதே லஞ்சக் குற்றச்சாட்டு விழுகிறது. சிறையில் வைக்கிறார்கள், நிரபராதி என்று தெரிந்ததும் விடுவிக்கிறார்கள், மனம் கசந்து வேலையை உதறுகிறார். நாடகமாக அருமையான முடிவு. ஆனால் பிரிவின் முன்னாள் தலைவரே உண்மையில் சிறையில் இருந்தபோது, திரையில் பொய்க் குற்றச்சாட்டுக் கதை ஓடியது எனக்கு நெருடுகிறது. முரட்டுத்தனத்தை அத்தனை துணிச்சலாகக் காட்டியவர்கள் லஞ்சத்தில் மட்டும் நாயகனைக் காப்பாற்றிவிட்டார்கள். பெண்களையும் பெரும்பாலும் மனைவியாகவும் காதலியாகவும் மதுக்கடைப் பணியாளராகவும்தான் நிறுத்தினார்கள். ஜான் தாவின் நடிப்புக்காக அதையெல்லாம் மன்னிக்க நான் தயாராக இல்லை. நடிப்பை ரசிக்கத் தடையும் இல்லை.

உள்ளே முழுக் கட்டுரை இருக்கிறது. இயனின் அண்ணன் ட்ராய், 1962இல் 'இசட் கார்ஸ்' என்ற போலீஸ் தொடரை உருவாக்கியவர். அந்தச் சகோதரர்களைப் பற்றித் தனிப் பெட்டிச் செய்தியும் உண்டு.

ஒரு வேண்டுகோள். எழுபதுகளில் லண்டனில் படித்தவர்களும் வேலை பார்த்தவர்களும் நம் வாசகர்களில் இருப்பீர்கள். அந்நாளில் நீங்கள் எடுத்த தெருப் படமோ, வாரக்கூலி வந்த உறையோ வீட்டில் இருந்தால், நகல் எடுத்து, இடமும் ஆண்டும் குறித்து அனுப்புங்கள். அசல் உங்களிடமே இருக்கட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்