வார்டன் போட்ட கையெழுத்து

2009இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில், 10 முதல் 14 வயதுச் சிறுமிகள் சுமார் 14,000 பேருக்கு எச்.பி.வி. தடுப்பூசி போடப்பட்டது. அவர்களில் பலர் அரசு விடுதிகளில் தங்கிப் படித்த பழங்குடிப் பிள்ளைகள். அமெரிக்காவின் 'பாத்' நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் மாநில அரசும் சேர்ந்து நடத்திய ஆய்வு அது. சில சிறுமிகள் இறந்த செய்தி வெளிவந்து எதிர்ப்பு கிளம்பியதும், 2010 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது.

இறப்புகளுக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்றது அரசின் விசாரணைக் குழு. கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் அந்த ஊசி நம் பெண்களுக்குத் தேவை என்பதில் எனக்கும் ஐயமில்லை. நான் கேட்பது கையெழுத்தைப் பற்றி.

நாடாளுமன்ற நிலைக்குழுவின் 2013 அறிக்கைப்படி, ஆந்திராவின் 9,543 ஒப்புதல் படிவங்களில் 2,763இல் கையெழுத்திட்டவர்கள் விடுதி வார்டன்கள். 1,948இல் இருந்தது கைநாட்டு. நகரத்துத் தனியார் பள்ளி ஒன்றில் பெற்றோருக்குப் பதில் வார்டன் கையெழுத்துப் போட்டிருந்தால் சும்மா விட்டிருப்பார்களா?

நெறிமுறை ஆவணங்கள் இம்மக்களை 'எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்கள்' என்கின்றன. அவர்களை அந்த நிலையில் வைத்திருப்பது எது என்று கேட்டால்தான் சாதி கண்ணுக்குத் தெரியும்.

பொதுச் சுகாதாரத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். கிராம சுகாதார செவிலியரோடு சேரிக்குள் போனால் யாரும் மறுப்பதில்லை. நாளைக்குப் பிரசவம், தடுப்பூசி என்று அவரிடம்தானே போக வேண்டும்? அந்தப் பயத்தில் வரும் தலையசைப்பைத்தான் படிவத்தில் 'ஒப்புதல்' என்று எழுதிக்கொள்கிறோம்.

2019 மருத்துவப் பரிசோதனை விதிகள், புத்தம்புதிய மருந்து மூலக்கூறுகளைச் சோதிக்கும்போது இப்பிரிவினரின் ஒப்புதலை ஒலி-ஒளிப் பதிவு செய்யச் சொல்கின்றன. நல்லதுதான். ஆனால் கேள்வி கேட்பவர் கையில் விடுதிச் சாவி இருந்தால், கேமரா மட்டும் என்ன செய்யும்?

அதற்காக நம் மக்களை ஆய்விலிருந்தே ஒதுக்கிவிடுவதும் தீர்வாகாது. நம் நோய்கள் ஆராயப்படாமலே போகும். அதுவும் ஒரு தீண்டாமைதான்.

ஆகவே கேட்போம்: மருத்துவமோ விடுதி இடமோ தரும் அதிகாரம் உள்ளவர் ஒப்புதல் வாங்கக் கூடாது. மறுத்தால் எந்தச் சேவையும் நிற்காது என்பதை மக்களின் மொழியிலேயே சொல்ல வேண்டும். நெறிமுறைக் குழுக்களில் தலித், பழங்குடி மக்கள் முடிவெடுக்கும் இடத்தில் உட்கார வேண்டும். ஆய்வு முடிவுகள் அந்த ஊருக்குத் திரும்பி வர வேண்டும்.

'முடியாது' என்று அச்சமின்றிச் சொல்ல முடிகிற இடத்தில்தான் 'சரி' என்ற சொல்லுக்கு மதிப்பு.