வெங்காரத்துக்கு ஒரு தனி டப்பா

குபேர் அங்காடி என்பது காகிதத்தில் இருக்கும் பெயர். புதுச்சேரிக்காரர்கள் வாயில் அது பெரிய மார்க்கெட்தான். அங்கும் சுற்றியுள்ள தெருக்களிலும் இருக்கும் நாட்டு மருந்துக் கடைகளில் போய் "காரம் குடுங்க" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் உடனே திருப்பிக் கேட்பார்: "எந்தக் காரம்?"

நியாயமான கேள்வி. அப்பளத்துக்குப் போடுவது அப்பளக்காரம். சவரம் செய்த முகத்தில் தடவுவதும், கலங்கிய தண்ணீரைத் தெளிய வைப்பதும் படிகாரம். அதற்கே சீனாக்காரம் என்று இன்னொரு பெயர். பொற்கொல்லர் வாங்கிப் போவது வெங்காரம், அதாவது போராக்ஸ். எல்லாம் வெள்ளை. தூளாக்கிவிட்டால் எது எது என்று கண்ணால் பார்த்துச் சொல்வது கடினம். எல்லாமே பேப்பரில் மடித்த பொட்டலமாகத்தான் வீட்டுக்கு வருகிறது. பொட்டலத்தின் மேல் பெயர் இருக்காது!

பிரச்சினை இங்கேதான் ஆரம்பிக்கிறது. வெங்காரம் மிக நல்ல வேலைக்காரன். ஆனால் சமையலறைக்குள் விடக்கூடாத வேலைக்காரன்.

முதலில் அது என்ன என்று பார்ப்போம். சோடியம், போரான், ஆக்சிஜன் ஆகியவற்றோடு தண்ணீரும் சேர்ந்த ஒரு கனிம உப்பு. வற்றிப்போன ஏரிகளின் படுகையில் கிடைப்பது. எடையில் ஏறக்குறையப் பாதி தண்ணீர்தான்! அதனால்தான் சூடான சட்டியில் போட்டால் பொரி மாதிரி பொங்கி வருகிறது. பொரிகாரம் என்ற பெயரும் அதற்கு உண்டு. ஒரு காலத்தில் திபெத்தின் ஏரிக்கரைகளில் எடுத்த வெங்காரத்தை ஆடுகளின் முதுகில் ஏற்றி இமயமலையைத் தாண்டிக் கொண்டுவந்தார்கள். லடாக்கின் பூகா பள்ளத்தாக்கிலும் அது உண்டு. இன்று உலகத்துக்கு அதிகம் தருபவை துருக்கியும் அமெரிக்காவின் கலிபோர்னியாவும்.

அமெரிக்காவில் இது நூறு ஆண்டுக்கும் மேலாகச் சலவைத் தூளுக்குப் பக்கத்திலேயே அட்டைப்பெட்டியில் விற்கிறது. அதனால்தான் அந்நாட்டு வீட்டுக் குறிப்புகளில் எதற்கெடுத்தாலும் போராக்ஸ்... போராக்ஸ்... அந்தக் குறிப்புகளைப் புதுச்சேரி வீட்டில் அப்படியே செய்து பார்த்தால் பாதி பலிக்கும், பாதி பலிக்காது.

பலிப்பதில் முதலாவது துணி. புதுச்சேரி கடலோர ஊர். நிலத்தடி நீரில் உப்பு ஏறிக்கொண்டிருக்கிறது என்பது பல ஆண்டுகளாகப் பேசப்படும் விஷயம். கடினநீரில் சோப்பு சரியாக நுரைக்காது. வெள்ளைச் சட்டை நாலு சலவையில் பழுப்பாகிவிடும். ஒரு வாளித் தண்ணீருக்கு ஒன்று அல்லது இரண்டு டேபிள் ஸ்பூன் வெங்காரத்தை முதலில் வெந்நீரில் கரைத்துவிட்டுச் சேர்த்தால் சோப்பு நன்றாக வேலை செய்யும். கரைசலின் பி.எச். சுமார் 9.2 அளவில் நிற்கும். சலவை சோடா இதைவிடக் காட்டமான காரம். கைக்கும் துணிக்கும் வெங்காரம் அதைவிட மென்மை. பச்சைத் தண்ணீரில் கரைய மறுக்கும், வெந்நீரில் சுலபமாகக் கரையும் என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

இரண்டாவது கரப்பான் பூச்சி. போரிக் ஆசிட் பவுடரைச் சர்க்கரை, கோதுமை மாவோடு பிசைந்து உருண்டையாக்கி மூலையில் வைப்பது பல வீடுகளில் உள்ள வழக்கம். போரிக் ஆசிட் வெங்காரத்தின் தம்பி முறை. கேரம் போர்டில் தூவும் பவுடரும் பெரும்பாலும் அதுவேதான். ஹாஸ்டலில் விளையாடிவிட்டுக் கை கழுவாமல் பஜ்ஜி சாப்பிடுகிற நண்பர்கள் கவனிக்க!

பலிக்காதது குழாயிலும் பாத்ரூம் டைல்ஸிலும் படியும் வெள்ளை உப்புக்கறை. அது சுண்ணாம்புப் படிவு. காரம் அதைக் கரைக்காது, அமிலம்தான் கரைக்கும். அதற்குப் பாட்டியின் புளியும் எலுமிச்சைத் தோலுமே சரி. இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் இரட்டைப் பலன் என்று நினைப்பவர்களும் உண்டு. அமிலமும் காரமும் ஒன்றையொன்று முறித்துக்கொள்ளும், உழைப்புதான் மிச்சம். துவைத்த தண்ணீரைத் தொட்டிச் செடிக்கு ஊற்றுவதும் தவறு. போரான் செடிக்குத் தேவைதான். ஆனால் மிகச் சிறிய அளவில். தென்னைக்குப் போரான் குறை வந்தால் வேளாண் துறையினர் போராக்ஸ் இடச் சொல்வார்கள். அதையும் மரத்துக்கு இத்தனை கிராம் என்று கணக்குப் போட்டுத்தான் சொல்வார்கள்.

கைவேலைக்கு வருவோம். வெங்காரத்தை நன்றாக அறிந்தவர் பொற்கொல்லர்தான். நகையைப் பற்றவைக்கும்போது சூட்டில் உலோகத்தின் மேல் ஒரு ஆக்சைடு படலம் உண்டாகும். அது இருந்தால் பற்று ஒட்டாது. வெங்காரம் உருகிக் கண்ணாடி போலப் பரவி அந்தப் படலத்தைக் கரைத்துக்கொள்ளும். "பொடி வைத்து ஊதுவது" என்ற சொல்வழக்கே பொற்கொல்லர் பட்டறையில் பிறந்தது என்று சொல்வார்கள்.

வீட்டில் செய்யக்கூடியதும் உண்டு. ஒரு கப் கொதிநீரில் மூன்று டேபிள் ஸ்பூன் வெங்காரத்தைக் கரைத்து, கம்பியும் நூலும் சுற்றிய ஒரு நட்சத்திரத்தை ராத்திரி முழுக்க அதில் தொங்கவிட்டால், காலையில் அதன் மேல் படிகங்கள் மின்னும். டிசம்பரில் மிஷன் வீதி சம்பா கோயில் பக்கம் குடில் பார்க்கப் போகிறவர்களுக்கு இது செலவில்லாத கிறிஸ்துமஸ் அலங்காரம். காகிதக் கூழ் பொம்மை செய்யும்போது மைதாப் பசையில் கொஞ்சம் வெங்காரம் சேர்த்தால் பூஞ்சையும் பூச்சியும் சீக்கிரம் வராது. திருக்கனூர் காகிதக் கூழ் பொம்மைகளுக்குப் புவிசார் குறியீடு வாங்கிய யூனியன் பிரதேசத்தில் இது தெரிந்திருக்க வேண்டிய விஷயம்தானே?

அப்படியானால் என்னதான் சிக்கல்?

"இயற்கையாக மண்ணில் கிடைப்பது, அதனால் ஒன்றும் செய்யாது" என்ற நம்பிக்கைதான் சிக்கல். குழந்தைக்கு நாக்கில் அக்கரம் வந்தால் வெங்காரத்தைப் பொரித்துத் தேனில் குழைத்துத் தடவும் வழக்கம் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் உண்டு. ஐரோப்பாவிலும் இதே வழக்கம் இருந்தது. அங்கே தேனும் வெங்காரமும் கலந்த மருந்தைக் குழந்தையின் சூப்பானில் தடவிக் கொடுத்தார்கள். அப்படிக் கொடுக்கப்பட்ட ஏழு குழந்தைகளுக்கு வலிப்பு வந்ததை 1983-ல் ஒரு பிரிட்டிஷ் குழந்தை மருத்துவ இதழ் வெளியிட்டது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனதுதான் காரணம். போரான் சிறுநீர் வழியாக வெளியேற நேரமாகும். சிறு உடம்பில் அது சேர்ந்துகொண்டே போகும். ஒரு வயதுக்குள் தேனே கொடுக்கக்கூடாது என்பது இன்றைய மருத்துவம். அதில் வெங்காரமும் சேர்ந்தால்?

சித்த மருத்துவத்தில் வெங்காரம் உண்டே என்று கேட்கலாம். உண்டு. ஆனால் அங்கே சுத்தி முறை உண்டு, அளவு உண்டு, பார்த்துக் கொடுக்க ஒரு வைத்தியர் உண்டு. பொட்டலத்திலிருந்து விரலால் தொட்டு எடுப்பதில் இந்த மூன்றுமே இல்லை.

உணவில் வெங்காரம் சேர்க்க இந்தியாவில் அனுமதி இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் இன்னும் ஒருபடி மேலே போனது. விலங்குகளுக்கு அதிக அளவில் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளை வைத்து, இது இனப்பெருக்கத்துக்குக் கேடு தரக்கூடியது என்று வகைப்படுத்தியது. 2010-ல் அதிக அக்கறைக்குரிய பொருட்களின் பட்டியலிலும் சேர்த்தது. தூய வெங்காரத்தை அங்கே பொதுமக்களுக்கு விற்க முடியாது. யோசித்துப் பாருங்கள்... ஒரு காலத்தில் பிரான்சு ஆண்ட ஊரில் பேப்பர் பொட்டலத்தில் கிடைப்பதை, பாரீசில் ஒரு சாதாரண ஆள் கடையில் வாங்க முடியாது!

இதற்காகப் புதுச்சேரியிலும் தடை போட வேண்டுமா? வேண்டாம். துணி துவைக்கும் அளவில், கையைக் கழுவிக்கொண்டு பயன்படுத்தும் பெரியவர்களுக்கு அது பயமுறுத்தும் பொருள் இல்லை. தடை போட்டால் பொற்கொல்லர் பிழைப்புதான் கெடும். வேண்டியது தடை அல்ல, பெயர்.

வணிகவியல் மாணவர்களுக்கு இது தெரிந்த பாடம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வாங்கும் பொருளின் தரம், அளவு, தூய்மை, விலை பற்றி அறிந்துகொள்வதை நுகர்வோரின் உரிமை என்கிறது. 2011-ஆம் ஆண்டு பொட்டலப் பொருட்கள் விதிகளோ முன்கூட்டியே கட்டி வைத்த பாக்கெட்டைப் பற்றித்தான் பேசுகின்றன. வாங்குபவர் கண்ணெதிரே நிறுத்து மடித்துக் கொடுப்பது அதற்குள் வராது. பிஸ்கட் பாக்கெட்டில் பத்து வரி அச்சடிக்க வேண்டும். வெங்காரப் பொட்டலத்தில் ஒரு எழுத்துகூட வேண்டாம். விசித்திரமாக இல்லையா?

சட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கடைக்காரர் கையில் எப்போதும் ஒரு பேனா இருக்கிறது, கணக்குப் போட. அதே பேனாவால் பொட்டலத்தின் மேல் "வெங்காரம் - சாப்பிடக்கூடாது" என்று எழுத ஐந்து விநாடி ஆகும். வியாபார நெரிசலில் அது சுமை என்பார்கள். ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்துகொண்டால் ஐந்து விநாடியும் ஒரு விநாடியாகிவிடும்.

அவர் எழுதாவிட்டால் வாங்கியவர் எழுதலாம். வீட்டுக்கு வந்ததும் மூடி இறுகிய ஒரு டப்பாவில் கொட்டி, பெயர் எழுதி ஒட்டி, சோப்புத்தூள் இருக்கும் அலமாரியின் மேல்தட்டில் வைக்க வேண்டும். மஞ்சள்தூள், சோடா உப்பு பக்கத்தில் கூடவே கூடாது. பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலிலும் கூடாது; அதைப் பார்க்கிற குழந்தைக்கு அது ஹார்லிக்ஸ்தான். யாராவது தெரியாமல் விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கும் கைவைத்தியம் வேண்டாம். டப்பாவையும் எடுத்துக்கொண்டு நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். டாக்டர் கேட்கும் முதல் கேள்வி "என்ன சாப்பிட்டாங்க?" என்பதுதான்.

பெயர் எழுதாத பொட்டலத்தை வைத்துக்கொண்டு அந்தக் கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. அப்போது அப்பளக்காரமா, படிகாரமா, வெங்காரமா என்று வீட்டில் ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.