சென்னையில் ஜெயித்த 280 பாயின்ட் எங்கே போச்சு? மகளிர் டென்னிஸ் தரவரிசையின் கணக்கு இதுதான்!

2022 செப்டம்பர் 18. சென்னை நுங்கம்பாக்கம் டென்னிஸ் ஸ்டேடியம். சென்னை ஓபன் மகளிர் இறுதிப் போட்டியில் போலந்தின் மக்டா லினெட்டை 4-6, 6-3, 6-4 என்ற செட் கணக்கில் வீழ்த்தினார், செக் குடியரசின் லிண்டா ஃப்ருவிர்டோவா. வயது 17. கோப்பையோடு 280 தரவரிசைப் புள்ளிகளும் கிடைத்தன. உலகத் தரவரிசையில் 130-வது இடத்தில் இருந்தவர், ஒரே வாரத்தில் 74-வது இடத்துக்குத் தாவினார்.

அடுத்த ஆண்டு செப்டம்பரில் அந்த 280 புள்ளிகளும் அவர் கணக்கிலிருந்து காலி. சென்னையில் தோற்றதாலா என்றால், இல்லை. 2023-ல் சென்னை ஓபன் நடக்கவே இல்லை!

'நடக்காத போட்டிக்கு எப்படி பாயின்ட் போகும்? இது என்ன நியாயம்?' என்று தோன்றுகிறதா? அந்தக் கேள்விக்கான பதிலில்தான் மகளிர் டென்னிஸ் தரவரிசையின் மொத்த சூட்சுமமும் இருக்கிறது. இந்திய வீராங்கனைகள் ஏன் முதல் 100-ஐத் தொடத் திணறுகிறார்கள் என்பதற்கான விடையும் அங்கேதான் இருக்கிறது.

வாடிவாசலை வைத்துப் புரிந்துகொள்வோமா?

டென்னிஸை விட்டுவிட்டு, கொஞ்சம் புதுக்கோட்டை மாவட்டத்துக்குப் போவோம். ஜனவரி பிறந்ததுமே தச்சங்குறிச்சியில் ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு. அடுத்து மாவட்டம் முழுக்க ஊர் ஊராக வாடிவாசல் திறக்கும். ஒவ்வொரு ஊரிலும் அதிக காளைகளை அடக்கியவருக்குப் பரிசு. அன்றைய கணக்கு அன்றோடு முடிந்தது.

இப்போது எல்லா ஊர்களையும் சேர்த்து மாடுபிடி வீரர்களுக்கு ஒரு தரவரிசை போடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ரூல்ஸ் நான்கு:

1. சின்ன ஊருக்குக் குறைந்த புள்ளி, அலங்காநல்லூர் மாதிரி பெரிய களத்துக்கு அதிகப் புள்ளி.
2. எத்தனை ஊரில் இறங்கினாலும், சிறப்பாகச் செய்த 18 ஊர்க் கணக்கு மட்டும்தான் சேரும்.
3. ஒரு ஊரில் எடுத்த புள்ளிக்கு ஆயுள் 52 வாரம். அதற்குப் பிறகு தானாகவே அழிந்துவிடும்.
4. அடுத்த ஆண்டு அந்த ஊரில் வாடிவாசல் திறக்காவிட்டாலும் பழைய புள்ளி போய்விடும்.

ஊரை எடுத்துவிட்டு டென்னிஸ் போட்டியைப் போட்டால், அதுதான் டபிள்யூ.டி.ஏ. எனப்படும் மகளிர் டென்னிஸ் சங்கத்தின் ஒற்றையர் தரவரிசை. 1975 நவம்பரில் கம்ப்யூட்டர் மூலம் முதல் பட்டியல் வெளியானபோது முதலிடத்தில் இருந்தவர் அமெரிக்காவின் கிறிஸ் எவர்ட். புள்ளிக் கணக்கு பலமுறை மாறியிருக்கிறது. ஆனால், 'சமீபத்தில் நீ என்ன செய்தாய்?' என்று கேட்கும் குணம் மட்டும் மாறவில்லை.

எந்தப் போட்டிக்கு எவ்வளவு?

டபிள்யூ.டி.ஏ. போட்டிகளில் பெயரிலேயே விடை இருக்கிறது. டபிள்யூ.டி.ஏ. 1000 என்றால் சாம்பியனுக்கு 1000 புள்ளிகள். 500, 250, 125 என்று மற்றவையும் அப்படியே. நான்கு கிராண்ட்ஸ்லாம்களுக்கும் தலா 2000. (2024-க்கு முன்பு 250 போட்டியை ஜெயித்தால் 280 கிடைக்கும். ஃப்ருவிர்டோவா கணக்கு அதனால்தான் 280.)

தோற்றாலும் எந்தச் சுற்றில் தோற்றோம் என்பதைப் பொறுத்துப் புள்ளி உண்டு. கிராண்ட்ஸ்லாம் ரன்னருக்கு 1300, அரையிறுதிக்கு 780, காலிறுதிக்கு 430. முதல் சுற்றிலேயே வெளியேறினால் 10.

கடைசி எண்ணைக் கவனியுங்கள். கிராண்ட்ஸ்லாம் முதல் சுற்றில் தோற்றாலே 10. உலக டென்னிஸ் சம்மேளனமான ஐ.டி.எஃப். நடத்தும் அடிமட்டப் போட்டி டபிள்யூ15. அங்கே ஒரு வாரம் முழுக்க ஆடி, ஒரு மேட்ச்கூடத் தோற்காமல் கோப்பை வென்றால் 15.

பண விஷயத்தில் இடைவெளி இன்னும் பெரியது. டபிள்யூ15 போட்டியின் மொத்தப் பரிசுத்தொகையே 15,000 அமெரிக்க டாலர்தான். அதை எல்லோரும் பங்கு போட வேண்டும். 2025 ஆஸ்திரேலிய ஓபனில் முதல் சுற்றில் தோற்ற ஒருவருக்குக் கிடைத்தது 1,32,000 ஆஸ்திரேலிய டாலர்!

அந்தக் கதவு யாருக்குத் திறக்கும்?

கிராண்ட்ஸ்லாம் மெயின் டிராவில் 128 இடங்கள். அதில் 104 பேர் தரவரிசை அடிப்படையில் நேரடியாக உள்ளே போகிறார்கள். 16 பேர் தகுதிச் சுற்றில் ஜெயித்து வர வேண்டும். மீதி 8 பேருக்கு வைல்டு கார்டு. அதுவும் போட்டி தொடங்கும் நாளில் உள்ள ரேங்க் கணக்கில் வராது. சுமார் ஆறு வாரம் முன்பு என்ன ரேங்க் என்பதைத்தான் பார்ப்பார்கள்.

ஆக, 95-வது இடத்தில் இருப்பவருக்கும் 195-வது இடத்தில் இருப்பவருக்கும் ஆட்டத்தில் பெரிய வித்தியாசம் இல்லாமல் இருக்கலாம். வருமானத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். கோச், ஃபிசியோ, விமான டிக்கெட் எல்லாமே அந்த நம்பரில்தான் தொங்குகின்றன.

ஒற்றையர் தரவரிசையில் இந்தக் கோட்டைத் தாண்டி முதல் 100-க்குள் போன ஒரே இந்தியப் பெண் சானியா மிர்சா. 2007 ஆகஸ்டில் 27-வது இடம் வரை போனார். கோயம்புத்தூரைச் சேர்ந்த நிருபமா வைத்யநாதன், 1998 ஆஸ்திரேலிய ஓபனில் கிராண்ட்ஸ்லாம் மெயின் டிரா போட்டி ஒன்றை ஜெயித்தவர். அவருடைய உச்சபட்ச ரேங்க் 134.

உள்ளூர்ப் போட்டி ஏன் இவ்வளவு முக்கியம்?

சானியா தன் முதல் டபிள்யூ.டி.ஏ. ஒற்றையர் பட்டத்தை வென்றது எங்கே தெரியுமா? 2005 பிப்ரவரியில், சொந்த ஊரான ஹைதராபாத்தில்.

அது தற்செயல் மட்டும் இல்லை. பெரிய போட்டிக்குள் நுழைய ரேங்க் வேண்டும். ரேங்க் வேண்டுமென்றால் பெரிய போட்டியில் ஆட வேண்டும். 'அனுபவம் இருந்தால்தான் வேலை, வேலை கிடைத்தால்தான் அனுபவம்' என்ற கதைதான். இந்தச் சுழலிலிருந்து வெளியே வர ஒரு வழி வைல்டு கார்டு. அதைக் கொடுப்பது போட்டியை நடத்துபவர்கள். இயல்பாகவே தங்கள் நாட்டு வீராங்கனைகளுக்குத்தான் முதலில் கொடுப்பார்கள். வீட்டில் போட்டி இல்லையென்றால், அந்தச் சலுகை பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு.

2022 சென்னை ஓபனில் வைல்டு கார்டில் வந்த கர்மன் கௌர் தாண்டி அப்போது 300-க்கு வெளியே இருந்தார். முதல் சுற்றிலேயே எட்டாம் நிலை வீராங்கனையான பிரான்ஸின் குளோயி பாக்கெட்டை வீழ்த்தினார். அந்தப் போட்டி சென்னையில் நடக்காமல் இருந்திருந்தால், அந்த ரேங்கில் இருந்துகொண்டு மெயின் டிராவை எட்டிப் பார்ப்பதே கஷ்டம்.

கோவையைச் சேர்ந்த மாயா ராஜேஷ்வரன் ரேவதிக்கு 2025 பிப்ரவரியில் மும்பை ஓபன் அப்படி அமைந்தது. அது டபிள்யூ.டி.ஏ. 125 வகைப் போட்டி. வயது 15, ரேங்க் கிடையாது. தகுதிச் சுற்றிலிருந்து ஆடி அரையிறுதி வரை போனார். அரையிறுதிக்கு மட்டும் 49 புள்ளிகள். பட்டியலில் பெயர் வர வேண்டுமானால் மூன்று போட்டிகளிலாவது புள்ளி எடுத்திருக்க வேண்டும், அல்லது மொத்தம் 10 புள்ளிகளாவது இருக்க வேண்டும். அவர் ஒரே வாரத்தில் அந்தப் படியைத் தாண்டிவிட்டார். இதே 49 புள்ளிகளை டபிள்யூ15 போட்டிகளில் சேர்க்க வேண்டுமென்றால், மூன்று கோப்பைகள் ஜெயித்தாலும் நான்கு குறையும்!

சரி, சென்னையில் என்ன நடந்தது?

2022-க்குப் பிறகு மூன்று ஆண்டு இடைவெளி. 2025 அக்டோபர் 27 முதல் நவம்பர் 2 வரை சென்னை ஓபன் மீண்டும் நடந்தது. இறுதிப் போட்டியில் ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பிரெலை 6-4, 6-3 என வென்றவர் இந்தோனேசியாவின் ஜானிஸ் டிஜென். 2002-ல் ஏஞ்சலிக் விட்ஜாஜாவுக்குப் பிறகு டபிள்யூ.டி.ஏ. ஒற்றையர் பட்டம் வென்ற முதல் இந்தோனேசியப் பெண் அவர். 2025 தொடங்கியபோது அவர் ரேங்க் 400-க்கு வெளியே. ஐ.டி.எஃப். போட்டிகளில் புள்ளி சேர்த்து, தகுதிச் சுற்று வழியாக யு.எஸ். ஓபன் மெயின் டிராவுக்குள் போய், கடைசியில் சென்னையில் 250 புள்ளிகளை அள்ளி முதல் 60-க்குள் வந்துவிட்டார்.

ஏணி இருக்கிறது, ஏறவும் முடியும் என்பதற்கு அவர் உதாரணம். ஆனால், படிகள் வரிசையாக இருக்க வேண்டும். ஒரு நாட்டில் டபிள்யூ15, டபிள்யூ35, 125, 250 என்று எல்லா மட்டத்திலும் ஆண்டுதோறும் போட்டி நடந்தால், வீராங்கனை பஸ்ஸிலோ ரயிலிலோ போய் ஆடிவிட்டு வந்துவிடலாம். ஒரு வருடம் நடந்து, மூன்று வருடம் நின்றுபோனால், அந்த ஒரு வருடத்தில் சேர்த்த புள்ளி 52 வாரத்தில் கரைந்துவிடும். மறுபடி முதலிலிருந்து.

அடுத்த முறை ரேங்க் பார்க்கும்போது...

'நம்ம பொண்ணு 40 இடம் இறங்கிடுச்சே' என்று ஒரு செய்தி உங்கள் மொபைலில் வரும்போது, உடனே 'ஃபார்ம் போச்சு' என்று முடிவு கட்ட வேண்டாம். மூன்று விஷயங்களைப் பாருங்கள். போன ஆண்டு இதே வாரத்தில் அவர் எவ்வளவு புள்ளி எடுத்திருந்தார்? அந்தப் போட்டி இந்த ஆண்டு நடந்ததா? காயமா, ஓய்வா? 18 வயதுக்கு உட்பட்டவர் என்றால், ஆண்டுக்கு இத்தனை போட்டிகள்தான் ஆடலாம் என்ற வரம்பும் உண்டு.

2025-ல் சென்னையில் எடுத்த புள்ளிகளுக்கு 2026 நவம்பர் தொடக்கம் வரைதான் ஆயுள். அதற்குப் பிறகும் நுங்கம்பாக்கத்தில் ஆண்டுதோறும் ஒரு வாரம் இந்தப் போட்டி நடக்குமா என்பதைக் கவனியுங்கள். மாயாவின் தலைமுறைக்குக் கோப்பையைவிட முக்கியமான கேள்வி அதுதான்.