ரிப்போர்ட் யாருக்குச் சொந்தம்?

சென்ற மாதம் ஒரு நண்பர் தம் பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். ரசாயனத் தொழிற்சாலை ஒன்றில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர். காப்பி சாப்பிட்டுவிட்டு என்னோடு சண்டை பிடித்தார்.

"காற்றில் ஏதோ கலந்துவிட்டது என்றால் உடனே ஊருக்குச் சொல்லவேண்டும் என்று எழுதுகிறீர்களே, அது கதை எழுதுகிறவர்களின் அவசரம், ஸார்! சோதனைச் சாலை ரிப்போர்ட் வரட்டும். நிபுணர்கள் பார்க்கட்டும். அதற்குமுன் வாயைத் திறந்தால் பீதிதான் பரவும்."

எனக்கு உடனே பதில் வரவில்லை. வந்தவர் படி இறங்கிப் போனபிறகுதான் எனக்குப் பதில் தோன்றும். எழுத்தாளனாகப் பிறந்ததில் ஒரு சௌகரியம், அந்தப் பதிலைப் பத்திரிகையில் சொல்லலாம்.

இத்தாலியில் மிலான் நகருக்கு வடக்கே ஸெவேஸோ என்று ஒரு சிற்றூர். பக்கத்து ஊரான மேடாவில் இக்மெஸா என்ற ரசாயனத் தொழிற்சாலை. 1976 ஜூலை 10, சனிக்கிழமை நடுப்பகல். வார இறுதிக்காக வேலையை நிறுத்தியிருந்த சமயம். உள்ளே ஒரு கொப்பரை தானாகவே சூடேறிப் பீறிட்டது. வெளிவந்த மேகம் காற்றோடு மிதந்து ஸெவேஸோவின் தோட்டங்களிலும் கூரைகளிலும் படிந்தது. அதில் இருந்தது டையாக்ஸின் என்ற கொடிய விஷம்.

சில நாட்களில் குழந்தைகளின் தோலில் தீப்பட்டாற்போன்ற புண்கள் கண்டன. கூண்டுகளில் முயல்கள் செத்து விழுந்தன, கோழிகள் விழுந்தன. மண்ணையும் இலையையும் எடுத்துப்போய்ச் சோதித்த தாய்க் கம்பெனியின் சோதனைச் சாலைக்கு விஷத்தின் பெயர் தெரிந்துவிட்டது. ஊருக்குத் தெரியவில்லை. "தோட்டத்துக் காய்கறியைத் தின்னவேண்டாம்" என்பதோடு எச்சரிக்கை நின்றது. டையாக்ஸின் என்ற சொல் அதிகாரிகளின் காதுக்கு எட்டவே சுமார் பத்து நாள் ஆயிற்று. முதல் குடும்பங்கள் வீட்டைவிட்டு வெளியேறிய தேதி ஜூலை 26. பதினாறு நாள்! கர்ப்பிணிகள் உட்பட அத்தனை பேரும் அந்தப் பதினாறு நாளும் அந்த மண்ணிலேதான் நடமாடினார்கள்.

"புது விஷம், யாருக்குத் தெரியும்?" என்று நண்பர் கேட்கலாம். புதிதா? தொழிலாளிகளின் முகத்தில் கரும்புள்ளிகளும் கட்டிகளுமாக வந்து வருஷக்கணக்கில் ஆறாதிருந்த ஒரு சரும வியாதியை ஹெர்க்ஸ்ஹைமர் என்ற ஜெர்மானிய வைத்தியர் 1899-லேயே விவரித்துவிட்டார். குளோரின்தான் காரணம் என்று நினைத்து அதற்குக் குளோராக்னே என்று பெயரும் இட்டார்கள். உண்மைக் குற்றவாளி டையாக்ஸின் என்று 1957-இல் ஹாம்பர்க் நகரத்துச் சரும வைத்தியர் கார்ல் ஷுல்ஸ் கண்டுபிடித்தார். முயலின் காதில் தடவிப் பார்த்தார். தம் கையிலேயே தடவியும் பார்த்தார். தம் தோலைச் சாட்சியாக வைத்து ஒரு வைத்தியர் உலகத்துக்குச் சொன்ன செய்தி அது. அதற்குப் பத்தொன்பது வருஷங்கள் கழித்து ஒரு ஊரின் குழந்தைகள் அதே பாடத்தைத் தங்கள் கன்னங்களில் படிக்க நேர்ந்தது. ஸெவேஸோவில் குளோராக்னே என்று நிச்சயிக்கப்பட்டவர்கள் 193 பேர், பெரும்பாலோர் குழந்தைகள்.

பீதியைப் பற்றிப் பேசுகிறவர்களை நான் கேட்கிறேன்: கூண்டைத் திறந்து செத்த முயலைத் தூக்கிய தாய்க்கு அப்போதே பீதி வந்துவிடவில்லையா? அவளிடம் இல்லாதது அந்த விஷத்தின் பெயர் ஒன்றுதான். அதை இன்னொருவர் மேஜை அறைக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டு, "பயப்படாதே" என்று அவளுக்கு உபதேசம் செய்வது விஞ்ஞானமாகுமா?

நான் விஞ்ஞானத்தின் விரோதி அல்ல. தோல் ஒன்றையே நம்பினால் போதாது என்பதையும் ஸெவேஸோதான் காட்டிற்று. ரத்தத்தில் ஏராளமான டையாக்ஸின் இருந்தும் முகத்தில் ஒரு பரு வராத பெரியவர்கள் அங்கே இருந்தார்கள். அதைக் கண்டுபிடித்தது சோதனைச் சாலை. தேஸியோ ஆஸ்பத்திரியைச் சேர்ந்த மொக்காரெல்லியும் அவருடைய சகாக்களும் 1976-இலேயே ஆயிரக்கணக்கானவர்களின் ரத்தத்தைச் சேகரித்துக் குளிரில் வைத்தார்கள். அவ்வளவு சிறு அளவு ரத்தத்தில் டையாக்ஸினை அளக்கும் முறை அன்று கைவரவில்லை. ஒருநாள் வரும் என்று நம்பிப் பத்திரப்படுத்தினார்கள். பத்து வருஷத்துக்கு மேல் கழித்து அமெரிக்காவில் அதை அளந்தபோது, ஒரு குழந்தையின் ரத்தக் கொழுப்பில் லட்சம் கோடியில் 56,000 பங்கு இருந்தது தெரிந்தது. இந்த மனிதர்களின் பொறுமைக்கு நான் தலை வணங்குகிறேன். அவர்கள் காத்திருந்தது உண்மையை அறிவதற்காக. அறிந்துவிட்ட உண்மையை மூடிவைத்துக் காத்திருப்பது வேறு ஜாதிப் பொறுமை. இரண்டுக்கும் ஒரே பெயரைச் சூட்டி நம்மை ஏமாற்றப் பார்க்கிறார்கள்.

ஸெவேஸோவுக்குப் பிறகு 1982-இல் ஐரோப்பிய நாடுகள் ஒரு சட்டம் செய்தன. ஆபத்தான தொழிற்சாலைக்குப் பக்கத்தில் வசிக்கிறவர்களுக்கு ஆபத்தைச் சொல்லியாகவேண்டும் என்பது அதில் ஒரு விதி. நமக்கு அந்தச் செய்தி எட்டவில்லை போலும். 1984 டிசம்பரில் போபாலில் ஜனங்கள் கண்ணெரிந்து ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தபோது, வந்தது எந்த விஷம், அதற்கு என்ன மாற்று என்று அங்கிருந்த டாக்டர்களுக்கே தெளிவாகச் சொல்வாரில்லை.

நான் கேட்பது பெரிய வரமல்ல. எவன் மூச்சில் அந்தக் காற்று போயிற்றோ, எவன் தோலிலிருந்து அந்தப் புண்ணைச் சுரண்டி எடுத்தார்களோ, ரிப்போர்ட்டின் முதல் பிரதி அவனுக்குச் சொந்தம். அரைகுறை ரிப்போர்ட்டா? "இன்னும் நிச்சயமில்லை" என்று மேலே எழுதிக் கொடுங்கள். நிச்சயமில்லாததைப் புரிந்துகொள்ளும் புத்தி ஜனங்களுக்கு உண்டு. மழை வருமா வராதா என்று தெரியாமலே விதைக்கிறவர்கள் அவர்கள்.

நண்பரே, கடைசியாக ஒன்று. அன்று நீங்கள் பேசிக்கொண்டிருந்தபோது உங்கள் பேரன் கன்னத்தைச் சொறிந்தான். வாதத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு அவன் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தீர்கள். கொசுக்கடிதான் என்று தெரிந்தபிறகுதான் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தீர்கள். எந்த ரிப்போர்ட்டுக்காக அப்போது நீங்கள் காத்திருந்தீர்கள்?